தரை டிக்கெட் புராணம்

தீர்த்தமலைக்கு ஒரு புராணம் உண்டு. ராவணனை முடித்துவிட்டுத் திரும்பிய ராமர், சிவபூஜைக்குக் காசித் தீர்த்தம் கொண்டுவா என்று அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதம். வேளை தப்பிவிடக் கூடாதே என்று ராமர் மலையில் ஓர் அம்பு விட, பாறையைப் பிளந்து தண்ணீர் கொட்டியது. பிந்தி வந்த அனுமன் கோபத்தில் வீசியெறிந்த காசித் தீர்த்தம், தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தம் ஆயிற்று. டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பும் இல்லை. படப்பெட்டி பஸ்ஸில் வந்து சேராத ராத்திரிகளில் ஆபரேட்டர் கையில் அம்பு இல்லை, அவ்வளவுதான்.

எந்தத் தலபுராணத்தை எடுத்தாலும் யார் வந்தார், என்ன வரம் வாங்கினார் என்பதெல்லாம் இருக்கும். யார் எங்கே உட்கார்ந்தார் என்பது மட்டும் இருக்காது. நம் ஊர்ச் சரித்திரத்தில் பாதி அதில்தான் ஒளிந்திருக்கிறது.

தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசை ஊர்ப் பெரியதனத்துக்கு. விளக்கு வெளிச்சம் முதலில் அவர் மீசையில் விழும், மிச்சமிருந்தால் துரியோதனன் மேல் விழும். அவருக்குப் பின்னால் பாய், அதற்குப் பின்னால் சாக்கு, அப்புறம் வெறுந்தரை. அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் தூரத்தில் நின்று பதினெட்டு நாள் யுத்தத்தையும் காதாலேயே பார்த்தார்கள். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் காட்சி ஒன்றுதான் ஊர் முழுக்க எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குக் காரணம் தர்மம் அல்ல, மரத்தின் உயரம்.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தவர் புரட்சிக்காரர் யாருமில்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் படம் வரைந்துகொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கினார். ரயில்வே சம்பளத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. 1914 வாக்கில் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால், தெருவுக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் அதற்கு முந்தைய வருஷமே எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்திருந்தார். அதைச் சீக்கிரமே தபால் இலாகா வாங்கிக்கொண்டது. பிற்காலத்தில் அங்கே தபால்தலை விற்றார்கள்.

பழைய வரிசையைக் கலைத்த கோளாறு திரையில் இருந்தது. கூத்தில் கிட்டே இருப்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். சினிமாவில் கிட்டே போகப் போகக் கழுத்து வலிக்கும், கதாநாயகியின் மூக்கு மட்டும் தெரியும். ஆகவே முன்னால் இருப்பது மலிவு, பின்னால் போகப் போக விலை. தலைமுறை தலைமுறையாக முன்வரிசையில் துண்டை விரித்தவர், கூடுதல் காசு கொடுத்துக் கடைசி வரிசைக்குப் போனார். போனதோடு, அதையே கௌரவம் என்றும் சொல்லிக்கொண்டார். முன்வரிசை மொத்தமும் தரை டிக்கெட்டுக்குப் போயிற்று. இவ்வளவு பெரிய நிலமாற்றத்தை எந்த உச்சவரம்புச் சட்டமும் செய்ததில்லை.

டூரிங் டாக்கீஸின் தரை என்பது மணல். முன்னால் உட்காருபவன் தலை மறைக்கிறதென்றால் மணலைக் கூட்டிக் குவித்து அதன்மேல் ஏறிக்கொள்ளலாம். அவனுக்குப் பின்னால் இருப்பவன் இன்னும் பெரிய குவியல் போடுவான். இடைவேளைக்குள் கொட்டகையில் ஒரு சின்ன மலைத்தொடர் எழும்பியிருக்கும். ஒரே புரொஜெக்டர் என்றால் ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. ஒவ்வொன்றிலும் முறுக்குக்காரர் மலையேறி இறங்குவார். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதன்மேல் அப்பாவிடமிருந்து அம்மாவுக்குக் குழந்தை போகும், அம்மாவிடமிருந்து அப்பாவுக்குத் திரும்பி வரும்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி இதைத்தான் கௌரவமான பாஷையில் எழுதினார்: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கையிலிருந்த காசு. எல்லா ஊரிலும் ஒரே நாளில் இது நடந்துவிட்டதாக நான் நம்பவில்லை. கொட்டகைக்குச் செருப்பைப் போலச் சாதியையும் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் விளக்கை அணைத்துவிட்டால் யார் பக்கத்தில் யார் என்று எப்படிப் பார்ப்பது?

மதுரைக்கு வருவோம். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்கு எத்தனை ஆர்ப்பாட்டம், எத்தனை எதிர்ப்பு! பதின்மூன்று வருஷம் கழித்து, 1952 தீபாவளிக்கு, அதே ஊரில் தங்கம் தியேட்டரில் ‘பராசக்தி’ வந்தது. சிவாஜிக்கு முதல் படம், கலைஞர் வசனம், கதை நடப்பதும் மதுரையில்தான். தியேட்டரில் 2,563 இருக்கைகள். உள்ளே நுழைய எந்த ஐயரும் கூட வர வேண்டியிருக்கவில்லை, டிக்கெட் போதும். டிக்கெட் கிடைப்பதுதான் கோயில் நுழைவைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். இரண்டு தடவையும் ஆட்சியில் இருந்தவர் ராஜாஜி. முதலாவது நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார். இரண்டாவது அவருக்கு அறவே பிடிக்காத சினிமா.

தங்கம்தான் ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். ஆசியாவை டேப் வைத்து அளந்தது யார் என்று கேட்டால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அதையே சொல்வார்கள். நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் சுமார் 6,000 பேர் உட்காரலாம். நல்லவேளை, அது அமெரிக்காவில் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு 2,563 பேரைத் தினமும் எங்கிருந்து கூட்டிவருவது? தங்கம் மூடிக் கிடந்தது, பிறகு இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பெண்கள் புடவை எடுக்கும்வரை கணவன்மார் உட்கார நாற்காலி போடுவது எந்த ஜவுளிக்கடையிலும் உண்டு. டிக்கெட் கிடையாது, இடைவேளையும் கிடையாது. முகூர்த்த மாதத்தில் பராசக்தியைவிட நீளமாக ஓடும்.