பட்டை கிராம்பு ஆசாமி

மார்கழி வருகிறது என்றால் சென்னையில் சிலருக்குக் கச்சேரி, சிலருக்குக் கோலம், சிலருக்குக் கோயில் வெண்பொங்கல். இந்த ஆசாமிக்கு வெறும் டிகிரி. கார்த்திகை மழை ஓய்ந்த நாளிலிருந்து செல்போனில் வானிலையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி 22 என்று காட்டினால் முகம் மலரும். 21 என்றால் தூங்குகிற மனைவியை எழுப்பிச் சொல்வார். 1905 ஜனவரியில் இதே ஊரில் 13.9 வரை இறங்கியிருக்கிறது என்ற விவரம் அவருக்கு அத்துப்படி. பாகப்பிரிவினையில் கைவிட்டுப்போன நஞ்சையைப் பற்றிப் பேசுகிற பேரனைப் போல அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

காரணம் அவருடைய பீரோவில் இருக்கிறது. ஸ்வெட்டர் அல்ல, சென்ட். மேல்தட்டில் எலுமிச்சை, புதினா, கடல்காற்று வகையறா. வருஷத்தில் பத்து மாதம் வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்வது. கீழ்த்தட்டில்தான் செல்லப்பிள்ளைகள்: பட்டை, கிராம்பு, மிளகு, புகையிலை, தோல், அகில், வனிலா என்று அடர்ந்து கிடக்கும் சரக்கு. அதில் ஒன்று கையெறிகுண்டு வடிவத்திலேயே இருக்கிறது. 2012இல் விக்டர் அண்ட் ரால்ஃப் வெளியிட்ட ஸ்பைஸ்பாம். குண்டைப் போலவே பின்னும் உண்டு. அதைப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகிற தைரியம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.

கேட்டால் விளக்குவார். கேட்காவிட்டாலும் விளக்குவார். "உடம்புச் சூட்டுலதான் சார் வாசனையே கெளம்பும். சித்திரை வெயில்ல இதைப் போட்டா மொத்தமும் ஒரே நேரத்துல எழும்பி பக்கத்துல இருக்கறவன் மூச்சை அடைச்சுடும். குளிர்ல அப்படி இல்ல. மொதல்ல மிளகு வரும், அரை மணி கழிச்சு பட்டை, அப்புறம் ராத்திரி வரைக்கும் வனிலாவும் அம்பரும் மெதுவா வந்துட்டே இருக்கும்." சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பு ஊரின் பேரில்தான். நம்முடைய மார்கழி, ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற மார்கழி.

இந்த மண்ணின் வாசனைகளை யோசித்துப் பாருங்கள். சந்தனம், வெட்டிவேர், பன்னீர். எல்லாம் சூட்டைத் தணிக்க வந்தவை. வடக்கே அத்தருக்குப் பேர்போன கன்னௌஜில் கோடைக்கு வெட்டிவேர் அத்தர் என்றும், குளிருக்கு ஷமாமா என்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஷமாமா என்பது மசாலாக்களையும் மூலிகைகளையும் போட்டு நிதானமாக வடித்து எடுப்பது. அங்கே தை மாதப் பனிமூட்டத்தில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அது தேவை. நம்ம ஆளுக்கும் அந்த ஷமாமா ஒரு குப்பி வந்து சேர்ந்தது. திருவல்லிக்கேணி ரயில் நிலையத்தில் வியர்வையோடு சேர்ந்து அது என்ன ஆனது என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பறக்கும் ரயிலில் அன்று அவரோடு வந்தவர்கள் பேசக்கூடும்.

வீட்டில் அவருக்கு ஒரே எதிர்க்கட்சி அவருடைய அம்மா. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, தணலில் சாம்பிராணியைத் தூவி, கூடத்தில் உட்கார்ந்து கூந்தலைக் காயவைப்பார். இவர் அறையிலிருந்து குரல் கொடுப்பார்: "அம்மா, புகை! என் பெர்ஃப்யூமோட கலக்குது!" அப்போது இவர் கழுத்தில் அடித்துக்கொண்டிருக்கும் ஃபிரெஞ்சுச் சரக்கின் அடிவாசனையில் பென்ஸாயின் இருக்கும். பென்ஸாயின் என்றால் சாம்பிராணிதான். அதே மரத்துப் பிசின். யாரோ இதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "அப்ப சரி, நாளைலேருந்து நீயும் வந்து தணல் பக்கத்துல உக்காருடா. பத்தாயிரம் ரூபா மிச்சம்" என்றார்.

இந்த ஆசாமியின் பெரிய துயரம், தன் வாசனை தனக்கே தெரியாது என்பது. அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே அப்படித்தான். ஒரே வாசனை நீடித்தால் சில நிமிஷங்களில் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். நமக்குத் தெரியவில்லை என்றால் பிறருக்கும் தெரியாது என்று முடிவுகட்டுவதில்தான் இவர் வேறுபடுகிறார். மணிக்கட்டை மோந்து பார்ப்பார். "லாஸ்டிங் போயிடுச்சே" என்று பதறுவார். கழுத்தில் இன்னும் இரண்டு அடி, சட்டைக் காலரில் ஒன்று, மஃப்ளரில் மூன்று. துணியில் பட்டால் நாள்கணக்கில் நிற்கும் என்பது அவர் கண்டுபிடித்த ரகசியம். 1985இல் கிறிஸ்டியன் டியோர் வெளியிட்ட பாய்சன் வந்த புதிதில், அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வராதீர்கள் என்று அமெரிக்காவில் சில உணவகங்கள் போர்டு வைத்ததாகச் சொல்வார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவருக்கு அது லட்சியம்.

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட்டுக்கு இவரால் ஒரு கூடுதல் வேலை வந்துவிட்டது. கூரியர் பையன் வந்து, சார் இருக்கிறாரா என்று கேட்டால் வாட்ச்மேன் மாடிக்குப் போன் போடுவதில்லை. லிஃப்ட் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுவார். "இப்பத்தான் போயிருக்காரு, ஒரு பத்து நிமிஷம் இருக்கும்" என்று சரியாகச் சொல்வார்.

இஸ்திரி விவகாரம் இதைவிடப் பெரியது. தெருமுனை வேப்பமரத்தடியில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறவரிடம்தான் எல்லோர் வீட்டுத் துணியும் போகும். இவர் சட்டை, துவைத்துக் காய்ந்த பிறகு சாதுவாகத்தான் இருக்கும். பெட்டியின் சூடு பட்டதும் உள்ளே ஒளிந்திருந்த அம்பரும் கஸ்தூரியும் எழுந்துவிடும். ஒருநாள் அந்தச் சூட்டோடு அதன்மேல் அடுக்கப்பட்டது மூன்றாம் மாடிக்காரரின் வெள்ளைச் சட்டை. அவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. ஆயுளில் குட்டிகூரா பவுடரைத் தாண்டிப் போகாதவர். சாயங்காலம் அவர் மனைவி சட்டையைப் பீரோவில் வைக்கப் போனார், நின்றார், மறுபடி மோந்து பார்த்தார்.

"ஏங்க, இது யாரு வாசனை?"

நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் கேட்கப்படாத கேள்வி. மனிதருக்குப் பதில் வரவில்லை. பதில் வராததே பதிலாகிவிடும் போலிருந்தது. கணக்கு அதிகாரி அல்லவா, ஆதாரத்தைத் தேடினார். மனைவியைக் கையோடு அழைத்துவந்து லிஃப்ட்டில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தார். "சரி, வாங்க, காப்பி ஆறுது" என்றார். அன்றிலிருந்து மூன்றாம் மாடித் துணி அடுத்த தெருவுக்குப் போகிறது.

டிசம்பர் சீசனில் இவரைச் சபாக்களில் பார்க்கலாம். ராகம் தெரியுமா என்று கேட்காதீர்கள். அரங்கத்தில் ஏசி நன்றாக இருக்கும். மஃப்ளர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். ஒருநாள் ஆலாபனை பாதியில் இருக்கும்போது பக்கத்து மாமா மெல்லச் சாய்ந்து கேட்டார்: "கல்யாணத்துலேர்ந்து நேரா வரேளா?"

"இல்ல சார், ஆபீஸ்லேர்ந்து."

மாமா சற்று யோசித்தார். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர் ராகத்துக்கே எழுந்து, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் நாற்காலி காலியானதும் இவர் சௌகரியமாகக் கையை விரித்துக்கொண்டார். சபாவில் மரியாதை தெரிந்தவர்கள் வருகிறார்கள் என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

நிஜக் குளிரைத் தேடி ஒரு ஜனவரியில் ஊட்டிக்கும் போய்வந்தார். விடியற்காலை, புல் மேலே உறைபனி. கீழ்த்தட்டுச் செல்வம் முழுவதையும் கொண்டுபோய் அடித்துக்கொண்டார். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊட்டிக் குளிரில் வாசனை தோலைவிட்டுக் கிளம்பவே யோசித்தது. கிளம்பிய கொஞ்சத்தையும் ஸ்வெட்டர், கோட்டு, குரங்குக் குல்லா எல்லாம் உள்ளேயே பிடித்துவைத்துக்கொண்டன. அதையும் மீறி வெளியே வந்ததை மோந்து பார்க்க அங்கே மூக்கு ஏது? வந்திருந்த அத்தனை பேருக்கும் ஜலதோஷம். நீலகிரித் தைலத்தைக் கைக்குட்டையில் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

தை பிறந்து மாசியும் வந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் (அங்கேயும் அவர் என்னோடுதான்) ஏசி ரிமோட் யுத்தம் தொடங்கும். இவர் 18இல் வைப்பார். சால்வையோடு வருகிற பெண்கள் 26க்குக் கொண்டுபோவார்கள். 26இல் பட்டையும் கிராம்பும் மொத்தமாகக் கிளம்பும். உடனே அவர்களே அவசரமாக 18க்குக் குறைப்பார்கள். இப்படி இரண்டு வாரம் போனது. கடைசியில் எங்கள் ஆபீஸில் வருஷம் முழுக்கக் குளிராக இருக்கும் ஒரே இடம் சர்வர் ரூம்தான் என்பதை அவரே கண்டுபிடித்து, அங்கே மாற்றித் தரும்படி ஒரு மனு கொடுத்தார். எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீஸில் எந்தக் காகிதமும் மூன்று மேசைகளை ஒரே நாளில் தாண்டியதில்லை. இது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்தாகி வந்துவிட்டது. கேட்காமலே அவருக்கு ஒரு தனி நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள்.