சனிக்கிழமை ராத்திரி ரீபூட்

தொண்ணூறுகளின் கடைசியில் ஏதாவதொரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இரவு ஷிப்ட் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் சனிக்கிழமை ராத்திரி ரீபூட் உங்களுக்கும் மறந்திருக்காது. யாராவது இன்னும் லாகினில் இருக்கிறார்களா என்று மாடி மாடியாகப் போன் போட்டுக் கேட்டு, பேக்கப் டேப்பை மாற்றி, ரெஜிஸ்டரில் நேரம் எழுதி, ஷட்டவுன் கொடுத்ததும், வாரம் முழுக்க இரைந்துகொண்டிருந்த ஃபேன்கள் ஒவ்வொன்றாக அடங்கி ஏசியின் முனகல் மட்டும் மிஞ்சுமே, அந்த அரை நிமிட அமைதிக்காகவே அந்த ஷிப்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மறுபடி பவர் கொடுத்தால் ஒற்றை பீப். கறுப்புத் திரையில் மெமரி எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். டேட்டாபேஸ் எழுந்திருப்பதற்குள் வாட்ச்மேன் அண்ணனோடு தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எதற்கு இந்த ரீபூட் என்றால், "செஞ்சா சரியாயிடும்ப்பா" என்பார் சீனியர். அனுபவத்தில் வந்த பேச்சு அது. ஓடிக்கொண்டே இருக்கும் மென்பொருளுக்கும் வயதாகும். வாங்கிய மெமரியைத் திருப்பித் தராது, திறந்த ஃபைலை மூடாது. விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துபோனது, மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் கணக்கு அங்கே நிரம்பிவிட்டதால்தான். தானாக விழுவதற்கு முன், நாமே நேரம் பார்த்து நிறுத்தி எழுப்பிவிடுவது லாபமா என்று பெல் ஆய்வகத்தின் ஹுவாங், கிந்தாலா முதலியோர் 1995இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

அன்று ஒரு சனிக்கிழமைக்கே அரை மணி போகும், யாரும் கேட்கமாட்டார்கள். இன்று 99.999 சதவீத நேரம் ஓடும் என்று ஒப்பந்தம் போட்டால், நின்றிருக்க வருடம் முழுவதற்கும் ஐந்தேகால் நிமிடம்தான் அனுமதி. அதற்குத் தகுந்தாற்போல், பட்டப்பகலில் பில் போட்டுக்கொண்டிருக்கும் விஎம்மை (ஒரு பெட்டிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியை) ஓட்டம் நிற்காமல் பக்கத்து ஹோஸ்ட்டுக்கு, அதாவது இன்னொரு பெட்டிக்கு, நகர்த்திவிட்டு, காலியான பெட்டியை ரீபூட் செய்கிறார்கள் பிள்ளைகள். பார்க்கவே அழகாக இருக்கிறது. டீக்குத்தான் நேரம் இல்லை.

ஆனால் வயதாவது நிற்கவில்லை, ஒரு தளம் கீழே இறங்கி, விஎம்களைத் தாங்கி ஓட்டும் ஹைப்பர்வைசரிலும் குடியேறிவிட்டது. அது விழுந்தால் மேலே இருக்கும் அத்தனை விஎம்மும் சேர்ந்து விழும். இதற்கு எத்தனை மணிக்கொருமுறை புத்துயிர் கொடுப்பது என்பதை, டியூக் பல்கலைக்கழகத்தின் கிஷோர் திரிவேதியும் உடன் ஆய்வு செய்தவர்களும் நிகழ்தகவு மாதிரிகளில் வைத்துப் பார்த்தார்கள். விஎம்களையும் அணைத்துவிட்டு ரீபூட் செய்வது ஒரு வழி, தூங்கவைத்துவிட்டுச் செய்வது இன்னொன்று, வேறு ஹோஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டுச் செய்வது மூன்றாவது. தூங்கவைப்பதுதான் எப்போதும் மேல் என்று தோன்றும். அப்படியில்லை என்றது கணக்கு. தூங்கி எழும் விஎம் தன் பழைய அழுக்கோடுதான் எழுகிறது. முழுதாக அணைத்தால் அதுவும் சேர்ந்து துடைபடுகிறது. மெமரி எவ்வளவு பெரிது என்பதும் முடிவை மாற்றும். இடம்பெயர்ப்பதுதான் மூன்றிலும் சிறந்தது, நகர்த்தும் வேகம் போதுமானதாகவும் பக்கத்து ஹோஸ்ட்டில் இடம் காலியாகவும் இருந்தால்.

அந்த இடத்தைத்தான் செலவு மிச்சம் என்று முதலில் நிரப்பிவிடுகிறோம். சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி, தங்கைகளே, ஹோஸ்ட்டின் அப்டைம் ஆயிரம் நாளைத் தொட்டதென்று பெருமைப்படாதீர்கள். ஒரு ஹோஸ்ட்டுக்கான இடத்தைக் காலியாக வையுங்கள், ரீபூட்டுக்கு இந்த மாதமே ஒரு தேதி குறியுங்கள்.