மூன்றாவது கண் இல்லாத மேனேஜர்

கேள்வி: மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்க ஜால்ரா தட்டியே ஆக வேண்டுமா?
– வாசகர், சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: உங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மரை வலம்வர மலையையே சுற்ற வேண்டும், புண்ணியம் உண்டு. மேனேஜரின் மேஜையைச் சுற்றினால் கால்வலிதான் மிச்சம். அவருக்குத் தேவை துதி அல்ல, தகவல். ஒரகடத்து ஆலை லைனில் ஓர் உதிரிபாகம் தீரப்போகிறது என்று ஷிஃப்ட் தொடக்கத்திலேயே சொன்னால் அது தகவல். லைன் நின்ற பிறகு சொன்னால் வாக்குமூலம். முன்னதைச் சொல்பவரை எந்த மேனேஜரும் நம்புவார். மன்னரிடம் பழகும் முறைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும் நெருப்பைத்தான் காட்டினார்: விலகினால் குளிரும், ஒட்டினால் சுடும். ஜால்ரா என்பது ஒட்டிக்கொள்வது, சுடும்.

‘காதே கொடுக்காதவரிடம் என்ன சொல்வது?’ என்பீர்கள். நியாயம்தான். தனியாளின் சாமர்த்தியத்துக்கு எல்லை உண்டு, அதற்கு மேல் கூட்டாகத்தான் பேச வேண்டும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. ஊதிய உயர்வோடு தொழிற்சங்க அங்கீகாரமும் அதில் முக்கியக் கோரிக்கை. சம்பளத்தைப் போலவே, பேச ஒரு வாசலும் தொழிலாளிக்கு வேண்டியிருக்கிறது. அந்த வாசலைத் திறந்துவைப்பது நிர்வாகத்தின் கடமை. திறந்திருக்கும்போது உண்மையைச் சொல்வது உங்கள் கடமை. உங்கள் ஊர் நரசிம்மருக்கு மூன்றாவது கண் உண்டு, மேனேஜருக்கு இரண்டுதான். அவர் பார்க்காததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்!