குப்பிக்கு வந்த வாழ்வு

கள்ளிக்காட்டு அம்மச்சி கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் ஊறப்போடுவாள். சட்டம் பேசினால், "கேக்குக்குத்தான் மக்களே" என்பாள். அடைக்க அவளுக்குப் பீர் குப்பிதான் தோது: கனத்த கண்ணாடி, வெளிச்சம் ஏறாத பழுப்பு. சாராயக் குப்பி மெலிசு. நொதித்தல் அடங்குமுன் மூடினால் நடுராத்திரி வெடிதான்.

முன்பு ரப்பர் தோட்டத்து வேலியோரம் சும்மா பொறுக்கலாம். 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலும் கண்ணூரிலும் கேரள அரசு மதுக்கடையான பெவ்கோ குப்பிக்கு 20 ரூபாய் முன்பணம் வாங்கத் தொடங்கியது. திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். டாஸ்மாக் 2022இல் நீலகிரியில் தொடங்கியபோது 10 ரூபாய்தான். இப்போது குடித்தவன் தள்ளாடினாலும் கையிலுள்ள குப்பி தள்ளாடுவதில்லை. அம்மச்சி விலைக்கு வாங்கி ஊறவைத்து, குப்பியில் ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுகிறாள். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு பெருமூச்சு.