பியானோ துப்பறிவாளர்

கேள்வி: வாத்தியம் வாசித்துக்கொண்டே துப்பறியும் கதாநாயகன் யாராவது உண்டா?

பதில்: ஜானி ஸ்டக்காட்டோ இருந்தாரே! 1959-ல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தவர். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், வால்டோ என்பவரின் கிளப்பில் ஜாஸ் பியானோ வாசிப்பார். டைட்டில் காட்சியிலேயே பாதி வாசிப்பில் எழுந்து, துப்பாக்கியோடு ஓடுவார். மீதிக் கச்சேரி பக்கவாத்தியக்காரர்கள் தலையில்! நடித்தவர் ஜான் கஸாவெட்டிஸ். மனுஷனுக்குக் கொலைகாரனைவிடக் கடன்காரன்தான் பெரிய கவலை. சொந்தப் படமான ‘ஷேடோஸ்’ கையைக் கடித்திருந்தது. நல்லவேளை, சும்மா சம்பளம் வாங்காமல் சில எபிசோடுகளை அவரே இயக்கினார். அவைதான் தேறும். தொடர் 27 எபிசோடோடு மூட்டை கட்டியது. இசை, எல்மர் பெர்ன்ஸ்டைன். கஸாவெட்டிஸ் விரலசைக்க, பின்னால் நிஜமாகவே பியானோ வாசித்த இளைஞர் ஜானி வில்லியம்ஸ். பிற்பாடு ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் அவரேதான்!