சிக்கனக்காரர் கோப்பி

கோப்பிக்கொட்டையைப் பச்சையாக வாங்கி, வீட்டிலேயே வறுத்து, மணம் போகுமுன் குடித்து முடிப்பது இப்போது உலக நாகரிகம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதற்கென்றே மின்பொறி விற்கிறார்கள். பொறிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் சோளம் பொரிக்கிற கருவியில் கொட்டையைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். ருசி பார்ப்போர் நூற்றுக்கு 80 புள்ளியாவது போட்டால்தான் ஒரு கொட்டைக்கு ‘ஸ்பெஷல்டி’ என்ற பட்டம். (பரீட்சை, புள்ளி என்று வந்தபிறகும் யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு ரியூசன் வகுப்புத் தொடங்காதது வியப்பு.) காசும் பொழுதும் மிஞ்சியவர்களின் விளையாட்டு என்று நம்மவர் இதைத் தள்ளிவிடுவார்கள். என் கட்சி வேறு. ஐந்து சதத்தை மூன்றுதரம் எண்ணி மடியில் முடிகிற யாழ்ப்பாணத்தாருக்கென்றே ஏற்பட்ட வேலை இது.

கணக்கைப் பாருங்கள். ஈரம் படாமல் வைத்தால் பச்சைக் கொட்டை ஒரு வருடம் வரை தாங்கும். வறுத்த கொட்டைக்குச் சில வாரம்தான் ஆயுள். தூளாக்கிவிட்டால் அதுவும் இல்லை. வறுபடும்போது கொட்டைக்குள் உண்டாகிற காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல வெளியேறும், மணமும் அதன் பின்னாலே போகும். எஞ்சியதை ஒட்சிசன் கெடுக்கும். ஆகவே தூள் பைக்கற் வாங்குகிறவர், போய்விட்ட மணத்துக்கு விலை கொடுக்கிறார். நெல்லை மூட்டையாக வைத்து வேண்டியபோது குற்றிச் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுபட்டபின் சுமார் 850 கிராம்தான் நிற்கும். மிச்சம் 150 கிராம் எங்கே என்று கேட்காமல் நம்மூரில் ஒருவரும் படுக்கைக்குப் போகமாட்டார். பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் வாயு, கொஞ்சம் உமி. கடைக்காரர் வறுத்தாலும் இதே நட்டம்தான். அதை விலையில் ஏற்றி உங்களிடமே வாங்கிக்கொள்கிறார். வீட்டில் வறுப்பவர் தன் நட்டத்தைக் கண்ணால் பார்த்துக் கவலைப்படலாம், அவ்வளவுதான்.

கருவிகளும் வீட்டிலேயே இருக்கின்றன. தாச்சியில் கொட்டை 200 பாகை செல்சியசை நெருங்கும்போது படபடவென்று வெடிக்கும். அது முதல் வெடிப்பு. 225 அளவில் இரண்டாம் வெடிப்பு வந்து எண்ணெய் கசியும். இரண்டுக்கும் இடையில் எங்கே இறக்குவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. இறக்கிய பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் கொட்டை வறுபட்டுக்கொண்டே போகும் என்பதால் உடனே ஆற்ற வேண்டும், உமியும் நீங்க வேண்டும். பொறிக்காரர் இதற்கு ஒரு விசிறித் தட்டும் உமி சேர்க்கும் பெட்டியும் தனித்தனியே பூட்டி வைத்திருக்கிறார்கள். பனையோலைச் சுளகு இரண்டு வேலையையும் பத்துப் புடையில் முடிக்கும், மின்சாரச் சபைக்குத் தெரியாமல். தாச்சியில் கொட்டை ஒருசீராக வறுபடாது என்பது உண்மைதான். அதற்குப் பதினைந்து நிமிடம் அகப்பையை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். அவ்வளவு நேரம் கைத்தொலைபேசியைப் பார்க்க முடியாதே என்பவருக்கு என்னிடம் பதில் கிடையாது.

நம்மூரில் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடிப்பதைக் கோப்பி என்பதா, கஷாயம் என்பதா என்று ருசி வல்லுநர் கேட்பார். அரபிகள் ஏலக்காய் போடுகிறார்கள். கோப்பி பிறந்த எதியோப்பியாவில் விருந்தாளியின் கண்முன்னே பச்சைக் கொட்டையை வறுத்து இடித்து மூன்று சுற்றுக் கொடுப்பதுதான் மரியாதை. சில இடங்களில் உப்பும் விழும். தமிழ்நாட்டார் சிக்கரி வேரைக் கலந்துவிட்டு டிகிரியும் கொடுத்துவிட்டார்கள். சரக்குச் சேர்ப்பது குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது, அதுவும் நம் சிக்கனத்தில்தான். கோப்பியைவிட மல்லி மலிவு என்பதால் கை தாராளமாகிறது; கருக வறுத்தால் கொஞ்சத் தூளிலேயே நிறம் ஏறும் என்பதால் கரியாகும்வரை விட்டுவிடுகிறோம். நிறத்தைக் குடிக்க முடியாது. நல்ல கொட்டை கிடைத்தால் இரண்டாம் வெடிப்புக்கு முன்னமே இறக்கி, ஒருதரமாவது மல்லி போடாமல், ஒரு கடி பனங்கட்டியோடு குடித்துப் பார்ப்பது நியாயம்.

யாழ்ப்பாணத்தில் கோப்பி விளையாதே என்பார்கள். பின்லாந்திலும் விளையாது, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்தால் உலகில் கோப்பியை அதிகம் குடிப்பவர்களில் அவர்கள் முன்வரிசை. நமக்கு வேறொரு உரிமையும் உண்டு. ஆபிரகாம் யோசேப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற பாட்டு நூல் 1869இல் அச்சானது மலைநாட்டில் அல்ல, யாழ்ப்பாணத்தில். அதே 1869இல்தான் இலங்கைத் தோட்டங்களைத் தின்ற இலைத்துருப் பூஞ்சணமும் அறிவியலாரின் கண்ணில் பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பயிருக்குக் கும்மியடித்து மூச்சு வாங்குமுன் பயிரே போய்விட்டது. ஆனாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இன்றும் கோப்பி நிற்கிறது. ஏ-9 வீதி வழியே அது இங்கே வந்துசேர ஓர் இரவு போதும்.

வறுக்கிற மணத்தை ஒளிக்க முடியாது என்பது கொட்டை தேடுவதைவிடப் பெரிய சிக்கல். 1781இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடரிக், அனுமதியின்றிக் கோப்பி வறுப்பதைத் தடுத்து, தெருத்தெருவாக மோப்பம் பிடிக்கப் பழைய படைவீரரைச் சம்பளத்துக்கு வைத்தான். யாழ்ப்பாணத்தை ஆண்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம். “என்ன, கோப்பி வறுக்கிறியள் போல?” என்று வேலிக்கு அப்பால் இருந்து வரும் குரலுக்குச் சம்பளம் இல்லை, ஒரு பேணி கோப்பிதான். அடுத்த கிழமை அங்கே தாச்சி ஏறும்போது அதே குரலை நீங்களும் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கலாம்.

உண்மையில் கனமான ஆட்சேபம் ஒன்றுதான். வறுத்ததும் புடைத்ததும் உரலில் இடித்ததும் பெண்கள். “அந்தக் காலத்துக் கோப்பி போல வருமா” என்று பெருமூச்சு விட்டது, சாய்மனைக் கதிரையில் மூக்குப்பேணியோடு கிடந்த ஆண்கள். தூள் பைக்கற் வந்த நாளில் உலக்கை பிடித்த கைகள் அதை வரவேற்றதில் ஒரு பிழையும் இல்லை. இதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது, ஏற்பாட்டால்தான் முடியும். இடிப்பது இனி மின் அரைப்பானின் பாடு, வறுப்பது ஆண்களின் பாடு. அகப்பை என்றால் அடுப்படிப் பக்கம் தலைகாட்டாதவர், முதல் வெடிப்பு, வெப்பமானி என்றால் வருவார். கொப்பி போட்டுக் குறிப்பும் எழுதுவார். சுளகு பிடிக்கத் தெரியாமல் முற்றமெல்லாம் உமி பறக்கவும் விடுவார். முற்றம் கூட்டுவதும் வறுப்பவர் வேலைதான் என்பதை மட்டும் தாச்சி ஏறுமுன் பேசி முடித்துக்கொள்வது நல்லது.