கூம்புக்கு வேண்டும், காதுக்கு?

தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரிக்கு மைக் செட் கட்டுகிறவரிடம், "ஆம்ப் அவசியமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கடற்காற்றையும் அலையையும் கூட்டத்தையும் மீறிக் கத்த வேண்டிய கூம்பு ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர் என்ற ஆம்ப் இல்லாவிட்டால் வெறும் தகரம்.

அதே கடற்கரையில் ஸ்டுடியோ ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் இப்போது ஆம்ப் வேண்டுமா என்ற கவலை. அவர் ஒலி பரப்ப வேண்டிய மைதானம் தன் இரண்டு காதுகள்தான் என்பதை யாரும் சொல்லவில்லை போலும்.

கணக்கு எளிது: மின்மறுப்பு கூடக் கூட வோல்ட்டும் கூட வேண்டும். சென்ஹைசர் எச்.டி. 600-இன் மின்மறுப்பு 300 ஓம். போனில் செருகும், ஒரு வோல்ட் தரும் சுண்டுவிரல் அளவு டாங்கிளே அதை ஏறக்குறைய 100 டெசிபல் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் போனால் காதுதான் கெடும். சோனி எம்.டி.ஆர். 7506 வெறும் 63 ஓம். சாதாரண போனிலேயே பாடிவிடும். பேயர்டைனமிக்கின் 600 ஓம் ரகம் ஆம்ப் கேட்டால் அது நியாயம், கொடுத்துவிடலாம்.

மற்ற ஹெட்போன்காரர்களோ ஆம்ப் மாட்டியதும், "மேடை விரியுது, வீணைத் தந்தி தனியாத் தெரியுது" என்கிறார்கள். சத்தம் துளி கூடினாலே காது அதை இனிமை என்று எழுதிக்கொள்ளும். ஆம்ப் உள்ளதையும் இல்லாததையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கண்ணைக் கட்டிவிட்டால், விரிந்த மேடை உடனே சுருங்கிவிடும்.

முழு வால்யூமிலும் சத்தம் போதவில்லையா, ஆம்ப் வாங்குங்கள். போதுகிறதா, அந்தக் காசைச் சேர்த்து இப்போதிருப்பதைவிட நல்ல ஹெட்போனாக வாங்குங்கள்.